டியூட்டியில் தமிழ் பேசலாமா? கலிஃபோர்னியாவுக்கு வரும் நர்ஸ்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பலர் மனத்தில் இருக்கும், ஆனால் ஓரியண்டேஷனில் யாரும் கேட்காத கேள்வி இது. கூட வேலை பார்க்கும் இன்னொரு தமிழ் நர்ஸிடம் தமிழில் பேசினால் பிரச்சினை வருமா? எச்.ஆர். தரும் கையேட்டில் இதற்குத் தெளிவான பதில் பெரும்பாலும் இருக்காது. உங்கள் வார்டில் இருக்கும் பிலிப்பினோ நர்ஸ்களுக்குப் பதில் தெரியும். 1948-ல் தொடங்கிய, வெளிநாட்டவர் அமெரிக்காவில் வேலை பார்த்துப் பயிற்சி பெறும் பரிமாற்றத் திட்டத்தில் வந்து, 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு பெரிய எண்ணிக்கையில் இங்கே வேரூன்றியவர்கள் அவர்கள். தங்கள் நாட்டு மொழியான டகாலோக் பேசியதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறார்கள், வேலை இழந்திருக்கிறார்கள், நீதிமன்றமும் போயிருக்கிறார்கள்.

முதலில் டெலானோ. பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர். 1965-ல் பிலிப்பினோ தோட்டத் தொழிலாளர்கள் தொடங்கிய திராட்சை வேலைநிறுத்தத்தால் பேர்பெற்ற ஊரும் இதுதான். அங்குள்ள மருத்துவமனையில் 2006 ஆகஸ்டில் பிலிப்பினோ ஊழியர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது, மீறினால் கண்காணிப்புக் கருவி வைப்போம், வேலை போகும் என்று மிரட்டியதாக வழக்கில் சொல்லப்பட்டது. ஸ்பானிஷ் பேசுகிறவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் மற்ற ஊழியர்களே காவல்காரர்கள் மாதிரி இவர்களைக் கண்காணிக்கவும் கேலி செய்யவும் தொடங்கினார்கள். ஒருவருடைய சாப்பாட்டின் மீது வாசனை ஸ்பிரே அடித்ததாகக்கூடப் புகார் வந்தது. ஈ.ஈ.ஓ.சி. என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் மத்திய சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2012-ல் சமரசம் ஆனது. ஏறக்குறைய 70 ஊழியர்களுக்காக மருத்துவமனை 9,75,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

அங்கே விதி இருந்தது என்பதைவிட, அது ஒரு கூட்டத்தார் மீது மட்டும் பாய்ந்தது என்பதுதான் முக்கியம். உங்களுக்கும் அதுவே அளவுகோல். உங்களிடம் மட்டும் சொல்கிறார்களா, பக்கத்தில் ஸ்பானிஷ் பேசுகிறவரிடமும் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, பிறந்த நாட்டை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. எந்த நேரமும் ஆங்கிலம்தான் என்ற விதியை ஈ.ஈ.ஓ.சி. 1980 முதலே சந்தேகத்தோடு பார்க்கிறது. குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், தொழில் அவசியம் (வேலை ஒழுங்காக நடக்க அந்த விதி தேவை என்ற நிலை) இருந்தால், முன்கூட்டியே அறிவித்து வைக்கலாம் என்பது அதன் நிலை. ஆனால் நீதிமன்றங்கள் எல்லாம் இதை ஏற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஓர் இறைச்சி ஆலை மீதான வழக்கில், இரண்டு மொழியும் தெரிந்தவருக்கு ஆங்கிலம் மட்டும் என்ற விதியால் பெரிய பாதிப்பு இல்லை என்று 1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நம்மில் பலர் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் என்பதால் மத்தியச் சட்டத்தை மட்டும் நம்ப முடியாது.

கலிஃபோர்னியாவின் மாநிலச் சட்டம் இதைவிட உறுதியானது. தொழில் அவசியம் இருக்க வேண்டும், விதியைக் குறுகலாக வரையறுக்க வேண்டும், எப்போது பொருந்தும், மீறினால் என்ன என்று ஊழியர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும் ஆங்கிலம் மட்டும் என்று சொல்லவே முடியாது. ஆக பிரேக் ரூமில் தாராளமாகத் தமிழ் பேசலாம், அம்மாவுக்கு போன் போடலாம். எல்லா மாநிலத்திலும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 2010-ல் பால்டிமோரில் ஒரு மருத்துவமனையின் பிலிப்பினோ ஊழியர்கள் நால்வர், சாப்பாட்டு இடைவேளையில் டகாலோக் பேசியதற்காக வேலையை விட்டு அனுப்பப்பட்டதாகப் புகார் கொடுத்தார்கள்.

2025 மார்ச்சில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்து அதிபர் உத்தரவு வந்தது. அதைக் காட்டி யாராவது உங்களை அடக்கப் பார்த்தால் மிரள வேண்டாம். அது மத்திய அரசு அலுவலகங்களைப் பற்றியது. ஏழாம் பிரிவை மாற்றவில்லை.

சரி, உரிமை இருக்கிறது என்பதற்காக எங்கும் பேசலாமா? கூடாது என்பதே என் கருத்து. ஷிப்ட் மாறும்போது நோயாளி விவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவர் ஆங்கிலத்தில்தான், கேட்பவர் தமிழராக இருந்தாலும். பக்கத்தில் நிற்கும் சார்ஜ் நர்ஸ் (அந்த ஷிப்டின் பொறுப்பு நர்ஸ்) காதில் விழும் ஒரு வார்த்தை, நீங்கள் செய்யவிருந்த ஒரு மருந்துப் பிழையைத் தடுக்கலாம். கோட் புளூ (நோயாளியின் இதயமோ மூச்சோ நின்றால் வரும் அவசர அழைப்பு), ஆப்பரேஷன் தியேட்டர் இரண்டிலும் கேள்விக்கே இடமில்லை. நோயாளியின் படுக்கைக்கு மேலே இரண்டு பேர் அவருக்குப் புரியாத மொழியில் பேசினால், நீங்கள் இட்லி மாவைப் பற்றிப் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர் நினைப்பார். வலியோடு படுத்திருப்பவர் அப்படி நினைப்பதில் தப்பில்லை. நம் ஆட்கள் குரலும் கொஞ்சம் உயரம். இங்கே அது சண்டையாகவே கேட்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நைட் ஷிப்டில் நான்கு பிலிப்பினோ நர்ஸ்களுக்கு நடுவில் நீங்கள் ஒருவராக உட்கார்ந்திருப்பீர்கள். அவர்கள் டகாலோக்கிலோ, இன்னொரு பிலிப்பைன்ஸ் மொழியான இலோகானோவிலோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, உங்களுக்கு ஒன்றும் புரியாது. ஒதுக்குகிறார்கள் என்று தோன்றும். நேராக மேனேஜரிடம் போய்விடாதீர்கள். "ஆங்கிலத்தில் சொல்லுங்களேன், நானும் சிரிக்கிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் உடனே மாற்றிக்கொள்வார்கள், கையில் ஒரு தட்டு பன்சிட்டும் (அவர்கள் ஊர் நூடுல்ஸ்) வந்துவிடும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பொமோனா என்ற ஊரில், ஒரு மருத்துவமனையின் தாய் சேய் பிரிவில் ஊழியர்களுக்குள் இருந்த உரசல் இப்படி வளர்ந்துதான் டகாலோக் தடையில் முடிந்தது. 1991-ல் வந்த தீர்ப்பு கலவையானது. அந்தச் சூழலில் அந்தத் தடை பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் எதிர்த்துக் கேட்ட பிலிப்பினோ நர்ஸைப் பதவி இறக்கியது பழிவாங்கல், அது தவறு என்றது. புகார் கொடுத்தவரைத் தண்டிப்பது தனிச் சட்டமீறல் என்பதை அந்தத் தீர்ப்பிலிருந்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களையே யாராவது "இங்கே ஆங்கிலம் மட்டும்" என்று நிறுத்தினால், அந்த இடத்தில் வாதாட வேண்டாம். சரி என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்துப்பூர்வ விதியைக் கேளுங்கள். பணிவாக இரண்டு வரி போதும். பல நேரம் விதியே இருக்காது, பேச்சும் அத்தோடு நிற்கும். நிற்கவில்லை என்றால் தேதி, நேரம், யார் சொன்னார்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று வீட்டில் எழுதி வையுங்கள். போனில் ரகசியமாகப் பதிவு செய்யாதீர்கள். அந்தரங்கமான உரையாடலை எல்லாருடைய சம்மதமும் இல்லாமல் பதிவு செய்வது கலிஃபோர்னியாவில் குற்றம். யூனியன் உள்ள இடமானால், ஒழுங்கு நடவடிக்கையில் முடியலாம் என்று தோன்றும் விசாரணைக்குக் கூப்பிடும்போது யூனியன் பிரதிநிதி கூட இருக்க வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும். விசாவில் இருப்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. புகாருக்குக் காலக்கெடு இருக்கிறது: ஈ.ஈ.ஓ.சி.க்குக் கலிஃபோர்னியாவில் 300 நாள், மாநிலச் சிவில் உரிமைத் துறைக்கு 3 வருடம்.

உச்சரிப்பைப் பற்றிக் கேலி வந்தால் அதுவும் இதே கணக்கில் சேரும். வேலையைச் செய்ய முடியாத அளவுக்குத் தடையாக இருந்தால் ஒழிய, உச்சரிப்பைக் காரணம் காட்டி உங்களை ஒதுக்க முடியாது.

கடைசியாக, தமிழ் நோயாளி வந்தால். "தண்ணி வேணுமாம்மா?" என்று கேளுங்கள், அவர்கள் முகம் மலர்ந்துவிடும். ஆனால் ஆப்பரேஷன் சம்மதப் படிவத்தையோ டாக்டர் சொல்லும் நோய் விவரத்தையோ நீங்களாக மொழிபெயர்க்க முன்வராதீர்கள். அதற்குத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தருவது மருத்துவமனையின் கடமை. போனிலோ வீடியோவிலோ ஏற்பாடு செய்வார்கள். உங்களுக்கே அதில் ஆசை இருந்தால், இருமொழி ஊழியருக்கான தேர்வு உண்டா என்று கேளுங்கள். சில இடங்களில் தேறியவர்களுக்குக் கூடுதல் சம்பளமும் உண்டு. பட்டியலில் தமிழ் இல்லை என்றால் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.