இலையுதிர்காலத்தில் பூண்டு நடலாம்: கனடா வாழ் பெரியவர்களுக்கான செய்முறை

டொராண்டோ, மார்க்கம், ஸ்கார்பரோ பகுதிகளில் பிள்ளைகளுடன் வசிக்கும் நம் பெரியவர்களுக்குக் கோடை முழுவதும் கொல்லைப்புறத்தில் கத்தரி, மிளகாய், வெண்டை, பாகல் என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். செப்டம்பர் கடைசியில் கொடிகளைப் பிடுங்கிப்போட்டு, கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைத்த பிறகு, இனி அடுத்த வசந்தம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். நிறம் மாறிய மேப்பிள் மரங்களைப் பார்க்கக் காரில் போய்வருவது நல்ல பொழுதுபோக்குதான் என்றாலும், அது பிள்ளைகளின் விடுமுறையை நம்பியிருக்கிறது. பூண்டு நடுவதற்கு யாருடைய விடுமுறையும் தேவையில்லை. நாளுக்கு அரைமணி நேரமாகப் பிரித்து, சில நாள்களில் நிதானமாக முடித்துவிடலாம்.

பூண்டுக்குக் குளிர் கட்டாயம். நட்ட பல் சில வாரங்களாவது குளிரில் கிடந்தால்தான் பின்னர் பல பற்களாகப் பிரிந்து முழுப்பூண்டாகும். போதிய குளிர் படாதது பெரும்பாலும் பிரியாத ஒரே உருண்டையாக நின்றுவிடும். தமிழ்நாட்டிலும் கொடைக்கானல், நீலகிரி போன்ற குளிர்ந்த மலைகளில்தான் பூண்டு செழிக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒன்டாரியோவின் பனிக்காலத்தை நாம் எவ்வளவு நொந்துகொண்டாலும், பூண்டுக்கு அது பொருத்தமானது. தெற்கு ஒன்டாரியோவில் அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் தொடக்கம் வரை நடுவதற்கு ஏற்ற காலமாகும். மண் உறைவதற்குமுன் வேர் பிடிக்க மூன்று முதல் ஆறு வாரங்கள் கிடைக்க வேண்டும் என்பதே கணக்கு.

முதற்படி: விதைப்பூண்டு வாங்குதல்

பலசரக்குக் கடையில் சமையலுக்கு விற்கும் இறக்குமதிப் பூண்டை நட வேண்டாம். அது இந்தக் குளிருக்கு ஒத்துவராத வகையாக இருக்கலாம். நோயையும் மண்ணுக்குள் கொண்டுவரலாம். நடுவில் கெட்டியான தண்டுள்ள வகையே இங்கு ஏற்றது. அதில் ‘மியூசிக்’ என்ற ரகம் ஒன்டாரியோவில் பரவலாகப் பயிரிடப்படுகிறது. உழவர் சந்தைகளிலும் விதைக்கடைகளிலும் செப்டம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிடும், தாமதித்தால் நல்லவை தீர்ந்துபோகும். விலையைக் கேட்டதும் முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் நன்றாக விளைந்தால் அடுத்த ஆண்டு விதைக்கு நம் அறுவடையே போதும். தொடங்குபவர்களுக்கு ஆறு முழுப்பூண்டு போதுமானது. மியூசிக் ரகத்தில் ஒன்றுக்கு நான்கு முதல் ஆறு பற்கள் இருக்கும் என்பதால் ஏறக்குறைய முப்பது பற்கள் கிடைக்கும்.

இரண்டாம் படி: பாத்தி தயாரித்தல்

மூன்றடிக்கு மூன்றடி இடம் இந்த முப்பது பற்களுக்குப் போதும். நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமாகவும், தண்ணீர் தேங்காத இடமாகவும் இருக்க வேண்டும். கடந்த மூன்று, நான்கு ஆண்டுகளில் அங்கே வெங்காயமோ பூண்டோ வளர்ந்திருக்கக் கூடாது. மண்ணைக் கிளறி இரண்டு அங்குலக் கனத்துக்கு மட்கிய உரத்தைப் பரப்பிக் கலக்கவும். மொத்தச் செய்முறையிலும் உடம்பை வருத்தும் வேலை இது ஒன்றுதான், ஆகவே இதைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டடி உயரத்துக்கு மேலான மரப்பெட்டிப் பாத்தி வசதியாக இருக்கும். நாற்காலியில் அமர்ந்தபடியே கை எட்டும்.

மூன்றாம் படி: பல் பிரித்தல்

இதை நடுவதற்கு முந்தைய நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்யலாம். வெளித்தோலை மட்டும் நீக்கி, நடுத்தண்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாகப் பக்கவாட்டில் சாய்த்தால் அடிப்பகுதியில் ‘டிக்’கென்று கழன்று வரும். பல்லை ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உரிக்கக் கூடாது. சமையலுக்கு உரித்துப் பழகிய விரல்கள் தம்மையறியாமல் அதையும் உரித்துவிடும் என்பதால் சற்றுக் கவனம் தேவை. அடியில் காய்ந்த வட்டமாக இருக்கும் பகுதியிலிருந்துதான் வேர் இறங்கும். அது சிதைந்த பற்களையும், சிறுத்தவற்றையும், பூஞ்சணம் பிடித்தவற்றையும் நடுவதற்கு எடுக்க வேண்டாம். பெரிய பல் பெரிய பூண்டைத் தரும். சிறியவை நல்ல நிலையில் இருந்தால் அன்றைய ரசத்துக்குப் போகட்டும்.

நான்காம் படி: நடுதல்

காலைப் பனியில் நனைந்த இலைகள் வழுக்கும், ஆகவே தரை உலர்ந்த பிறகு, பதினொரு மணிவாக்கில் வெளியே வருவது நல்லது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்குக் குனிந்து சட்டென்று நிமிரும்போது தலை சுற்றும். எனவே குனிந்து வேலை செய்யாமல் தாழ்வான முக்காலியில் அமர்ந்து நடுங்கள், எழும்போது எதையாவது பிடித்துக்கொண்டு மெதுவாக எழுங்கள்.

ஒரு கம்பால் எட்டு அங்குல இடைவெளியில் ஐந்து வரிசைகளைக் கீறி, ஒவ்வொரு வரிசையிலும் ஆறு அங்குலத்துக்கு ஒரு குழியாக ஆறு குழிகள் போடவும். கூர்முனை வானத்தைப் பார்க்க, தட்டையான அடி மண்ணில் பதிய, பல்லின் தலைக்கு மேல் இரண்டு அங்குல மண் நிற்கும்படி வைத்து மூடவும். தலைகீழாக வைத்தாலும் முளைக்கும், ஆனால் தண்டு வளைந்து வந்து பூண்டு கோணலாகிவிடும். மண் உலர்ந்திருந்தால் ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும். புதிதாகக் கிளறிய மண்ணை அணில்கள் விட்டுவைக்காது. அவை பூண்டைத் தின்பது அபூர்வம் என்றாலும் தோண்டி வெளியே எறிந்துவிடும் என்பதால், மேலே கம்பிவலை விரித்து ஓரங்களில் கல் வைப்பது நல்லது.

ஐந்தாம் படி: இலை மூடாக்கு

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஊரே இலையைக் கூட்டி, காகிதப் பைகளில் கட்டித் தெருவோரம் வைக்கும் காலத்தில், அதே இலைதான் நமக்கு இலவசமான போர்வை. மேப்பிள் இலையை முழுதாகப் போட்டால் மழையில் நனைந்து அப்பளக் கட்டுபோல் ஒட்டிக்கொண்டு காற்றையும் நீரையும் தடுக்கும். புல்வெட்டும் இயந்திரத்தை ஒருமுறை அதன்மேல் ஓட்டித் துண்டாக்கிப் போடுவதே சரி. நான்கு முதல் ஆறு அங்குலக் கனத்துக்குப் பரப்பவும். மண் மாறிமாறி உறைந்து இளகும்போது பற்கள் மேலே தள்ளப்படாமல் இது காக்கும். கறுப்பு வால்நட் மரத்தின் இலையை மட்டும் தவிர்க்கவும், அதிலுள்ள ஒரு வேதிப்பொருள் பல செடிகளின் வளர்ச்சியைக் கெடுக்கும்.

இலைக்குவியலில் கை வைக்கும்போது உண்ணியை மறக்கக் கூடாது. லைம் நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணி வெப்பநிலை 4 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தாலே நடமாடும். டொராண்டோவின் கிழக்கே உள்ள ரூஜ் பள்ளத்தாக்கை ஒட்டிய பகுதிகளில் அவை உண்டு. நீளமான காலுறைக்குள் காற்சட்டை நுனியைச் செருகி, கையுறை அணிந்து வேலை செய்துவிட்டு, குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், கழுத்துப் பக்கங்களைத் தடவிப் பார்க்கவும்.

அதன்பின் பனிக்காலம் முழுவதும் செய்ய வேண்டியது எதுவுமில்லை. நவம்பரில் ஓரிரு பச்சை முனைகள் எட்டிப் பார்த்தாலும் கவலை வேண்டாம். ஏப்ரலில் செடி மீண்டும் நிமிரும், அப்போது மூடாக்கைச் சற்றே விலக்கிவிடலாம். ஜூனில் சுருண்டு வரும் பூத்தண்டை ஒடித்தால் பூண்டு நன்றாகப் பருக்கும். ஒடித்த தண்டைப் பொடியாக நறுக்கித் தேங்காய்ப்பூ சேர்த்து வறை செய்தால் ஒரு நாள் கறிக்காகும். ஜூலை நடுவில் கீழிருந்து மூன்றிலொரு பங்கு இலைகள் காய்ந்ததும் தோண்டியெடுத்து, கழுவாமல், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் மூன்று வாரம் கட்டித் தொங்கவிடவும். காய்ந்ததும் இருப்பதிலேயே பெரிய ஆறு பூண்டுகளை அக்டோபர் நடவுக்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றைச் சமையலறைக்குக் கொடுங்கள்.