நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப்போட்ட பிறகு

மும்பையின் தாராவியில் வளர்ந்து, இப்போது புறநகரான டோம்பிவிலியிலிருந்து நாள்தோறும் லோக்கல் ரயிலில் வேலைக்குப் போய்வரும் எனக்கு, வீட்டுக்குத் தெரியாமல் கைப்பேசியில் பணம் வைத்துச் சீட்டாடும் பழக்கம் ஆறு ஆண்டுகள் இருந்தது. அதை விட்டுவிட நான் செய்யாத முயற்சி இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து எனும் தவக்காலத்தின் 40 நாள்களும் உபவாசம் இருந்தேன். ஆடாத நாள்களை ஒரு நோட்டில் குறித்துவந்தேன். ஒருமுறை 23 நாள் தாண்டியபோது உண்டான பெருமையே (சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது) அடுத்த வீழ்ச்சிக்கு வாசலாயிற்று. விழுந்தபின் தகுதியில்லை என்றெண்ணி வாரக்கணக்கில் ஜெபிக்காமல் ஒளிந்துகொள்வேன். அந்த ஒளிவே மறுபடியும் ஆடத் தூண்டியது.

எங்கள் தமிழ்ச் சபையின் போதகர் ஐயாவிடம் அழுதபோது, வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். வெறுப்பதையே செய்கிறேன் என்று புலம்பும் பவுல், தன்னை யார் விடுவிப்பார் என்று கேட்கிறாரே ஒழிய, இன்னும் எப்படி முயல்வது என்று கேட்கவில்லை. அடுத்த அதிகாரமோ, கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு (தண்டனைத் தீர்ப்பு) இல்லை என்றே தொடங்குகிறது. திருந்தியதால் மன்னிப்பு அல்ல, மன்னிக்கப்பட்டதால் திருந்த முடிகிறது என்ற வரிசை அங்கேதான் எனக்குப் புலப்பட்டது. அப்படியானால் இஷ்டம்போல் ஆடலாமா என்ற கேள்விக்கு 6ஆம் அதிகாரம் கண்டிப்பாக மறுப்புச் சொல்கிறது.

அன்றிரவே நோட்டைத் தூக்கிப்போட்டு, 85,000 ரூபாய்க் கடனை மனைவியிடம் மறைக்காமல் சொன்னேன். அதன்பின்னும் இருமுறை விழுந்தேன். ஆனால் ஒளியாமல், அந்த மணி நேரத்திலேயே ஆண்டவரிடமும் அவளிடமும் அறிக்கையிட்டேன். கடைசியாக ஆடி மூன்று ஆண்டுகள் இருக்கலாம். எண்ணுவதை நிறுத்திவிட்டதால் நாள் சரியாக நினைவில்லை.