பயாஸ் விவரத்தை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே பைத்தான் நிரலில் படிக்க

கும்பகோணத்தில் நண்பர் நடத்தும் கணினி மையத்தில் பாதி விண்டோஸ், பாதி லினக்ஸ். எல்லாவற்றின் பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் மென்பொருள்) பதிப்பையும் தேதியையும் பட்டியல் எடுக்கக் கேட்டார். ஒரே நிரலில் முடித்தேன்.

பிளாட்ஃபார்ம் மாட்யூலைக் கொண்டு எந்த இயங்குதளம் என்று பிரித்துவிடுங்கள். லினக்ஸில் வேலை சுலபம். சிஸ், கிளாஸ், டிஎம்ஐ, ஐடி என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போனால் பயாஸ்_வெர்ஷன், பயாஸ்_டேட் என்ற கோப்புகள் இருக்கும். சாதாரண உரைக்கோப்பாகவே படிக்கலாம். சீரியல் நம்பருக்கு மட்டும் ரூட், அதாவது நிர்வாகி உரிமை வேண்டும்.

விண்டோஸுக்கு, கணினி விவரம் கேட்கும் பழைய டபிள்யூமிக் கட்டளையை நான் சொல்ல மாட்டேன்; மைக்ரோசாஃப்டே அதைக் கைவிட்டுவிட்டது. சிடைப்ஸ் (பைத்தானிலிருந்து சி மொழிச் செயற்கூறுகளை அழைக்கும் மாட்யூல்) வழியாக கெட்சிஸ்டம்ஃபர்ம்வேர்டேபிள் என்ற விண்டோஸ் செயற்கூறை அழையுங்கள். ஆர்எஸ்எம்பி என்ற நான்கெழுத்தை 32 பிட் எண்ணாக்கிக் கொடுக்க வேண்டும். ஆர்தான் மேல் பைட். முதல் அழைப்பில் அளவு, இரண்டாவதில் தரவு. வந்ததில் முதல் 8 பைட் விண்டோஸ் சேர்த்த தலைப்பு, அதைத் தள்ளிவிடுங்கள்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். மீதி இருப்பது எஸ்எம்பயாஸ் அட்டவணை, அதாவது கணினியின் விவரங்களை பயாஸ் எழுதிவைக்கும் பட்டியல். அதில் ஒவ்வொரு பதிவிலும் 0வது பைட் வகை, 1வது பைட் நீளம். அந்த நீளத்தைக் கூட்டினால் அடுத்த பதிவு வந்துவிடும் என்று நினைத்தேன். வகை 65 என்று வந்தது. ஒரு மாலை முழுக்கப் பார்த்த பிறகுதான் புரிந்தது: 65 என்பது ஆங்கில ‘ஏ’யின் ஆஸ்கி எண். அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் என்ற பெயரின் முதலெழுத்தில் போய் நின்றிருக்கிறேன்! பெயர்கள் எல்லாம் பதிவுக்குப் பின்னால் தனியாக வருகின்றன, நீளத்தில் அவை சேராது. சுழியம் இரண்டு ஒட்டி வரும் இடம்தான் வரப்பு. அதைத் தாண்டினால்தான் அடுத்த வயல். பெயரே இல்லாத பதிவிலும் அந்த இரண்டு சுழியம் உண்டு.

வகை 0தான் பயாஸ் பற்றிய பதிவு. அதில் 4, 5, 8வது பைட்டுகள் தயாரிப்பாளர், பதிப்பு, தேதி. அவற்றில் இருப்பது பெயரின் வரிசை எண் மட்டுமே. வரிசை 1இல் தொடங்கும். 0 என்றால் பெயர் இல்லை.

பின்சேர்க்கை: மன்னார்குடியிலிருந்து ஒருவர், தன் அசெம்பிள் கணினியில் மாடல் பெயருக்குப் பதில் ‘டு பி ஃபில்டு பை ஓஈஎம்’ (தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது) என்று வருவதாக எழுதியிருந்தார். உங்கள் நிரலில் பிழை இல்லை; அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை, அவ்வளவுதான். அப்படி வந்தால் வகை 2க்குப் போய் மதர்போர்டின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அதே ஃபோல்டரில் போர்டு_நேம் என்று இருக்கும்.