ஜாம் ஆன பழைய டிராக்டர் இன்ஜினைப் பிரிக்கும்போது செய்யக் கூடாதவை

தோவாளைப் பக்கம் எங்கள் பெரியப்பா தோப்பில் ஒரு பழைய மேஸி டிராக்டர் நின்றது. மூன்று சிலிண்டர் டீசல். ஒரு கும்பப்பூ நெல் அறுவடையோடு நிறுத்தியது, அப்புறம் யாரும் தொடவில்லை. பானெட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிற சைலன்சர் வாயில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்திருந்தாலே போதும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடி நின்ற சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கி, பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கும் சிலிண்டரின் உள்குழாயான லைனரும் துருவால் ஒட்டிக்கொண்டன.

முதல் தவறை நாங்களே செய்தோம். கியரைப் போட்டு இன்னொரு டிராக்டரால் இழுத்தோம். பின்சக்கரம் உருளாமல் மண்ணைக் கீறிக்கொண்டே போனது. நல்ல வேளை, கயிறு அறுந்தது. பார்க்க வந்த மெக்கானிக் அண்ணன் தலையில் கைவைத்தார். "மக்கா, உள்ள என்ன கெடக்குன்னு பாக்காம இழுக்கலாமா?" இழுக்கிற வேகம் முழுவதும் ஒட்டிக்கிடக்கிற பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடில் போய் முட்டும். சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் அமுங்காது, ராடுதான் வளையும்.

இன்னொன்று, சுற்றவில்லை என்றதும் பிஸ்டன்தான் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டுவது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் ஃபிளைவீல் என்ற பெரிய சக்கரத்தின் பல்லில் மாட்டி நின்றாலும் இன்ஜின் இதே மாதிரிதான் அசையாது. ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

அடுத்து ஊறவைப்பது. இதில்தான் பொறுமை போய்விடும். டீசலைப் பீச்சுகிற நாசில்களைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஊற்ற வேண்டும். சிவப்பு நிற பவர் ஸ்டீயரிங் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்தோம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடிகூடக் கூடாது. ஒரு ராத்திரி ஊறினால் போதும் என்று நினைப்பது தவறு. எங்களுக்குப் பதினொரு நாள் ஆனது. தினமும் காலையில் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்ப்போம். ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டித் தொங்குகிறவர்கள் உண்டு, முதலில் உடைவது அந்த போல்ட்தான். அசைந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் நாசிலை மாட்டி ஸ்டார்ட்டரைத் தட்டிவிடாதீர்கள். பிஸ்டன் மேல் நிற்கிற எண்ணெயும் தண்ணீர் மாதிரி ராடை வளைக்கும். கொஞ்சம் அடியில் ஆயில் நிற்கிற சம்ப்புக்கும் கசிந்திருக்கும், அந்த ஆயிலையும் வடித்துவிட வேண்டும்.

அசையவே இல்லை என்றால் சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். நட்டுகளை ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக முழுசாகக் கழற்றினால் ஹெட் கோணும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கால் சுற்று கால் சுற்றாக எல்லாவற்றையும் தளர்த்துங்கள். நட்டு மாட்டுகிற ஸ்டட் கம்பி துருப்பிடித்து 'கிறீச்' என்றால் நிறுத்திவிட்டு, கொஞ்சம் முறுக்கி, மறுபடி தளர்த்திப் பாருங்கள். ஒரு ஸ்டட் உடைந்தால் அதைத் துளையிட்டு எடுக்க லாத் பட்டறையில் ஒரு நாள் போய்விடும். ஹெட் வரவில்லை என்று அதன் அடியில் இருக்கிற கேஸ்கட் இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால், அந்தக் கீறல் வழியாகப் பிற்பாடு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் அமுங்கிய காற்று, கசியும்.

அப்புறம் சுத்தியல். பிஸ்டன் அலுமினியம், இரும்புக் கம்பியை வைத்து அடித்தால் தலை நசுங்கும். சிலிண்டருக்குள் இறங்குகிற அளவுக்கு உருட்டிய அயனி மரக் கட்டையை வைத்துத்தான் தட்ட வேண்டும். எந்தப் பிஸ்டனைத் தட்டுகிறோம் என்பதும் முக்கியம். உச்சியிலோ அடியிலோ நிற்பதைத் தட்டினால் கிராங்க் சுற்றாது, அடி நேராக பேரிங்கில் விழும். மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று உச்சியில் இருந்தால் மற்ற இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்க வேண்டும் என்பதால், அவை இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஒன்றின் அடி மற்றதைக் கெடுக்கும். ஒன்றை மட்டும் தட்டுங்கள். மேல்பக்கமாகப் பிஸ்டனை எடுக்கிறீர்கள் என்றால், லைனர் விளிம்பில் இருக்கிற துரு வரம்பை முதலில் தேய்த்து எடுக்காவிட்டால் ரிங் நொறுங்கும்.

கையும் காலும் போகிற தவறு ஒன்று இருக்கிறது. இந்த வண்டிகளில் காருக்கு இருப்பதுபோல் தனியாக ஒரு சேஸி சட்டகம் கிடையாது. முன் ஆக்சிலுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே இன்ஜினே முதுகெலும்பு. இன்ஜினை இறக்குகிறேன் என்று போல்டுகளைக் கழற்றினால் வண்டி நடுவில் மடங்கும். இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். முன் ஆக்சில் நடுவில் இருக்கிற அச்சாணியில் ஆடுவதால், இருபுறமும் மர ஆப்பு அடித்துவிடுங்கள். தோப்பு மண்ணில் ஜாக்கி மட்டும் வைத்தால் புதையும். நாங்கள் பழைய கதவுப் பலகையைப் போட்டு அதன்மேல் வைத்தோம்.

வால்வுகளை இயக்குகிற புஷ் ராடுகளை எடுத்த வரிசையிலேயே அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் குத்தி வையுங்கள். கனெக்டிங் ராடும் அதன் அடியில் மாட்டுகிற கேப்பும் ஒன்றாகக் கடைந்த ஜோடி, மாறினால் பேரிங் பிடிக்கும். எண் இல்லாவிட்டால் இரண்டிலும் ஒரே பக்கத்தில் பஞ்ச் உளியால் புள்ளி வையுங்கள்: முதல் சிலிண்டருக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு. லைனரை வீட்டில் தட்டி எடுக்காமல் நாகர்கோவிலுக்கு சிலிண்டர் பிளாக்கையே கொண்டுபோய் அளந்தோம். மூன்றில் ஒன்றுதான் மாற்ற வேண்டியிருந்தது.