துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போங்கள்

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் தனியாகத் துடுப்புப் போட்டுப் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கயாக் என்ற ஒடுங்கிய சின்னப் படகைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை அடி நீளம், எத்தனை கிலோ, பிளாஸ்டிக்கா ஃபைபரா என்று. வழியில் ஊர் வந்தால் இறங்கி மனிதர்களிடம் எப்படிப் பேசினாய் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. மின்னசோட்டாவின் இட்டாஸ்கா ஏரியில் பிறந்து மெக்சிகோ வளைகுடா வரை ஆறு சுமார் 2,340 மைல் ஓடுகிறது. என் பயணம் 84 நாள். அதில் 19 இரவுகள் முன்பின் தெரியாதவர்களின் வீட்டிலோ, வீட்டுப் புல்வெளியிலோ, ஒரு தடவை தேவாலயத்தின் கீழ்த்தளத்திலோ தூங்கியிருக்கிறேன். படகு விஷயம் சொல்ல என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நிறைய உண்டு. இதை நான் சொல்கிறேன்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், நான் வாயாடி இல்லை. இருபது வருடம் ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்போடு குடும்பம் நடத்தியவள். கல்யாண வீட்டில்கூட பந்தி எப்போது போடுவார்கள் என்று ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கே வந்ததென்றால் உங்களுக்கும் வரும்.

பெமிட்ஜியிலும் கிராண்ட் ராப்பிட்ஸிலும் நான் துடுப்பைப் படகிலேயே கட்டிவைத்துவிட்டு கடைக்குப் போனேன். முழங்கால் வரை சேறு, தோளில் ஈரப்பை, பத்து நாள் வெயிலில் கன்றிய முகம். கடைக்காரரின் கண் நான் போகும் வரிசைக்கெல்லாம் கூடவே வந்தது. தப்பு அவர்மேல் இல்லை. நான் யார் என்று புரிந்துகொள்ள அவருக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை. மூன்றாம் வாரம் பாலிசேட் என்ற குட்டி ஊர். படகைக் கட்டிய இடத்தில் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்ததால், திருட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் துடுப்பைக் கையோடு எடுத்துக்கொண்டேன். ஆற்றிலிருந்து கடை வரை நடப்பதற்குள் மூன்று பேர் வண்டியை நிறுத்திப் பேசினார்கள். அதே சேறு, அதே முகம்தான். கையில் துடுப்பு இருந்ததால் நான் ‘ஆற்றில் வந்த பெண்’ ஆகிவிட்டேன். அன்றிலிருந்து எந்த ஊரிலும் துடுப்பில்லாமல் கரையேறவில்லை. மிதவைச் சட்டையையும் கழற்ற வேண்டாம். வியர்க்கும், பரவாயில்லை.

படகின் பக்கவாட்டில் அகலமான டேப் ஒட்டி ‘இட்டாஸ்கா முதல் வளைகுடா வரை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். மீன்பிடிக்க வந்தவர்கள் தூரத்திலேயே படித்துவிட்டுக் கூப்பிடுவார்கள். பேச்சை நாம் தொடங்க வேண்டிய சங்கடமே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பெயரையும் போன் நம்பரையும் அதில் எழுதாதீர்கள். போகும் வழியை எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். உங்களை யார் தேடிப் பிடிக்கலாம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, என்ன கேட்பது. தண்ணீர் கேளுங்கள். எப்போதும் முதலில் தண்ணீர்தான். படகு இறக்கும் சரிவில் ஒருவர் நிற்கிறார் என்றால், “இங்கே பாட்டிலில் தண்ணீர் பிடிக்க எங்கேயாவது குழாய் இருக்கிறதா?” என்று கேட்டால் போதும். அவருக்கு மறுக்கவும் சுலபம், உதவவும் சுலபம். ‘இன்றிரவு தங்க இடம் கிடைக்குமா’ என்று எடுத்த எடுப்பில் கேட்டால் நல்ல மனிதரும் பின்வாங்குவார். தண்ணீர் கொடுத்தவர் எங்கிருந்து வருகிறாய் என்பார். அப்புறம் தனியாகவா என்பார். அப்புறம், வானத்தைப் பார்த்துவிட்டு, ராத்திரி இடி மின்னல் என்கிறார்களே, எங்கள் கொட்டகை காலிதான் என்பார். பத்துக்கு ஏழு தடவையாவது எனக்கு இந்த வரிசையில்தான் நடந்தது. மீதி மூன்று தடவை தண்ணீர் கிடைத்தது, அதற்குத்தானே கேட்டேன்.

எல்லா ஊரிலும் ஒரே கேள்விகள் வரும். எங்கே தொடங்கினாய், பயமாக இல்லையா, வீட்டில் என்ன சொன்னார்கள், துப்பாக்கி வைத்திருக்கிறாயா. கடைசிக் கேள்வியை முதல் தடவை கேட்டபோது திடுக்கிட்டேன். பிறகுதான் புரிந்தது, பாதிப்பேர் அக்கறையில் கேட்கிறார்கள். மீதிப் பாதி யார் என்று கண்டுபிடிக்க நமக்கு நேரமில்லை. “பையில் என்ன இருக்கிறது என்று யாரிடமும் சொல்வதில்லை” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். இன்றிரவு எங்கே கூடாரம் போடப் போகிறாய் என்ற கேள்விக்கும் ஆற்றங்கரையில் உண்மை சொல்லாதீர்கள். “இன்னும் முடிவு செய்யவில்லை, கீழே போய்ப் பார்க்க வேண்டும்.” அவ்வளவுதான்.

அயோவாவில் ஒரு மாலை, படகுச் சரிவில் ஒருவர் இந்தக் கேள்வியை நான்கு தடவை கேட்டார். பேச்சு மீனுக்குப் போனது, மழைக்குப் போனது, சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தது. வேறொன்றும் செய்யவில்லை அவர். நான், “அடுத்த தீவில் இரண்டு நண்பர்கள் காத்திருக்கிறார்கள்” என்று பொய் சொல்லிவிட்டு, களைத்த கையோடு இன்னும் மூன்று மைல் துடுப்புப் போட்டு, எதிர்க்கரையில் விளக்குப் போடாமல் தூங்கினேன். அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். ஏதோ சரியில்லை என்று மனசுக்குப் பட்டால் போதும், காரணம் தேட வேண்டியதில்லை.

யாரை எங்கே பார்க்கலாம்? சின்ன ஊர் என்றால் முதலில் பொது நூலகம். மின்சாரம், வைஃபை, கழிப்பறை, குளிர்ந்த காற்று, ஊரையே அறிந்த ஒரு நூலகர். எங்கே துணி துவைக்கலாம் என்று அவரிடம் கேளுங்கள். யாருடைய புல்வெளியில் கூடாரம் போடலாம் என்பது தானாக வரும். அடுத்தது தபால் நிலையம். ஜெனரல் டெலிவரி என்று எழுதி உங்கள் பெயருக்கே பார்சல் அனுப்பிவைத்தால் அதிகபட்சம் 30 நாள் வைத்திருப்பார்கள். அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். ஊருக்கு நாலு நாள் முன்னாலேயே பார்சல் போய்ச் சேர்ந்துவிடுவதால், நீங்கள் நுழையும்போதே, “ஓ, அந்தப் பெட்டிக்காரி நீங்கள்தானா” என்பார்கள். வந்து சேரும் நாள் ஞாயிறாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கதவு பூட்டியிருக்கும்.

மூன்றாவது இடத்தை யாரும் நினைப்பதில்லை: லாக். மினியாபொலிஸுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் நடுவே ஆறு படிப்படியாக அணைகளால் தடுக்கப்பட்டிருக்கிறது; ஒவ்வொரு அணையிலும் படகை இறக்கிவிட லாக் என்ற நீர்த்தொட்டி உண்டு. சுவரில் தொங்கும் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும். படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலிக் கருவி இருந்தால் 14-ஆம் சேனலில் கூப்பிடலாம். சரக்குப் படகுகளுக்குத்தான் முதலிடம். பார்ஜ் என்ற தட்டையான சரக்குத் தோணிகள் பதினைந்தைக் கட்டித் தள்ளிவரும் படகு, அவற்றோடு சேர்த்து சுமார் 1,200 அடி நீளம். பெரும்பாலான தொட்டிகள் 600 அடிதான். இரண்டாகப் பிரித்து அனுப்பி முடிக்க ஒன்றரை மணி நேரம், சில சமயம் இரண்டும் ஆகும். எரிச்சல்படாதீர்கள். உங்களோடு காத்திருக்கும் மோட்டார் படகுக் குடும்பங்களுக்கும் வேறு வேலை இல்லை. எனக்குக் கிடைத்த 19 இரவுகளில் ஐந்து அந்தக் காத்திருப்பில் கிடைத்தவை. கயிறு பிடிக்கக் கொடுக்கும் ஊழியர்களிடமும் நாலு வார்த்தை பேசுங்கள். உங்களுக்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு கயாக் போகிறது என்ற செய்தி அவர்களிடம்தான் இருக்கும்.

ரிவர் ஏஞ்சல்ஸ் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டம் ஆறு நெடுகிலும் இருக்கிறது. துடுப்புக்காரர்களுக்குத் தண்ணீர், சவாரி, படுக்கை என்று உதவுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள். மிசிசிப்பி துடுப்புக்காரர்களின் ஃபேஸ்புக் குழுக்களில் அவர்களைப் பிடிக்கலாம். மினியாபொலிஸில் கட்டாயம் ஒருவரைப் பிடியுங்கள். வெளியிலிருந்து வந்த கெண்டை மீன்கள் மேலே ஏறாமலிருக்க, செயின்ட் அந்தோனி அருவியின் மேல் லாக்கை 2015 ஜூனில் மூடிவிட்டார்கள். சாமானோடு படகை நகரத் தெருவில் இழுத்துப் போவதைவிட ஒரு பிக்கப் டிரக் மேல்.

அவர்களுக்குச் செய்தி அனுப்பும் முறை முக்கியம். இரண்டு நாள் முன்னால் அனுப்புங்கள். மைல் எண்ணைச் சொல்லுங்கள்: ஒஹையோ நதி வந்து கலக்கும் கெய்ரோவிலிருந்து மேல்நோக்கி எண்ணுவதுதான் மேல் ஆற்றின் கணக்கு, கெய்ரோவுக்குக் கீழே கழிமுகத்திலிருந்து வேறு கணக்கு. என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள், எத்தனை இரவு என்பதையும். நேரம் சொன்னால் அகலமாகச் சொல்லுங்கள். இதை நான் கற்றுக்கொண்ட விதம் வெட்கக்கேடு. வபாஷாவில் ஒரு அம்மாவிடம், மாலை நான்கு மணிக்கு வருவேன் என்று கம்பீரமாகச் செய்தி அனுப்பிவிட்டு பெப்பின் ஏரியில் இறங்கினேன். ஆறே 22 மைல் நீளத்துக்கு ஏரியாக விரிந்து கிடக்கும் இடம் அது. எதிர்க்காற்று. மூன்று தடவை கரை ஒதுங்கினேன். போனில் சார்ஜ் போய்விட்டது. இரவு ஒன்பதரைக்குச் சரிவை நெருங்கினால் டிரக்கின் முன்விளக்குகள் ஆற்றைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தன. எழுபது வயது மனுஷி, ஐந்தரை மணி நேரமாக நின்றிருக்கிறார். திட்டவில்லை. “இன்னும் பத்து நிமிடத்தில் ஷெரீஃபைக் கூப்பிட இருந்தேன்” என்றார். அதற்குப் பிறகு, ‘மூன்றிலிருந்து எட்டுக்குள், காற்றடித்தால் மறுநாள்’ என்றுதான் எழுதுவேன். உபரி பேட்டரி ஒன்றை யாருக்கும் தொடக் கொடுக்காமல் வைத்திருப்பேன்.

என் தங்கை அன்று போனில் பிடித்துக்கொண்டாள். “அக்கா, யாரு எவருன்னு தெரியாம வீட்டுக்குள்ள போயிடுவியா?” போவேன், ஆனால் இப்படி: வண்டியில் ஏறுமுன் நம்பர் பலகையைப் படமெடுத்து அவளுக்கு அனுப்புவேன், அதுவும் வண்டிக்காரர் முன்னாலேயே, சொல்லிவிட்டு. நல்லவர்கள் தலையாட்டுவார்கள். ஒருவர், இறங்கி வந்து பலகைச் சேற்றைத் துடைத்தே விட்டார்.

விருந்தாளியாக இருப்பது தனிக் கலை. உங்கள்மேல் வீசும் நாற்றம் உங்களுக்குத் தெரியாது. செருப்பையும் பையையும் வெளியிலேயே வைத்துவிட்டு முதலில் குளியலறையைக் கேளுங்கள். சாப்பாட்டு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சைவம். சொல்லக் கூச்சப்பட்டு, பர்லிங்டனுக்குக் கீழே ஒரு வீட்டில் எனக்காகவே பொரித்த கெளுத்தி மீன் மலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுத் தாத்தாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பணம் நீட்டினால் வாங்க மாட்டார்கள். பாத்திரம் கழுவலாம், விறகு அடுக்கலாம். இரண்டு இரவுக்கு மேல் தங்காதீர்கள், அவர்கள் வற்புறுத்தினாலும்.

செயின்ட் லூயிஸுக்குக் கீழே ஆட்டமே வேறு. லாக் கிடையாது, ஓட்டம் வேகம், ஊர்களோ வெள்ளத்தடுப்புக் கரைக்கு அந்தப் பக்கம் மறைந்திருக்கும். நாள்கணக்கில் மணல்திட்டுகள்தான். இங்கே உங்களோடு அதிகம் பேசப்போவது பார்ஜ் தள்ளும் படகோட்டிகள். 13-ஆம் சேனலில், “கீழ்நோக்கி வரும் கயாக், போகும் திசைக்கு இடக்கரையை ஒட்டியே இருக்கிறேன்” என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். அரட்டையை அவர்கள் தொடங்கினால் பேசலாம், நாம் தொடங்கக் கூடாது. ஊர்க் கணக்கைக் குறையுங்கள்: கேப் ஜிராடோ, மெம்ஃபிஸ், ஹெலினா, விக்ஸ்பர்க், நாட்செஸ் என்று நாலைந்து போதும், ஒவ்வொன்றிலும் ஒரு ஆளை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பேட்டன் ரூஜுக்குக் கீழே கடல் கப்பல்கள் ஏறிவருகின்றன. எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. அதற்கு மேலேயே, பக்கவாட்டில் பிரியும் ஓல்ட் ரிவர் லாக் வழியாக அட்சஃபலாயா ஆற்றுக்குத் திரும்பி, மார்கன் சிட்டியில் போய் முடித்தேன்.

உதவியவர்களின் முகவரியை அன்றன்றே நீர் புகாத நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். மார்கன் சிட்டியிலிருந்து 31 தபால் அட்டை போட்டேன். ஒன்று திரும்பி வந்தது, மீன் தாத்தாவுக்கு அனுப்பியது. கதவு எண் தப்பு. அந்த ஊர் நூலகத்துக்குப் போன் செய்தேன். முகவரி தர மாட்டோம் என்றார் நூலகர், சரிதான். பிறகு, “எங்கள் விலாசத்துக்கு அனுப்புங்கள், வியாழக்கிழமை பேப்பர் படிக்க வருவார்” என்றார்.