ஆர்கானிக் முத்திரை: திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூல் ஆர்கானிக் என்றால் பனியனும் ஆர்கானிக்தான் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆர்கானிக் துணிக்கான உலகத் தரமான காட்ஸ் (GOTS) முத்திரைக்குப் பஞ்சு அரவை, நூற்பு, நிட்டிங், சாயம், தையல் என எல்லாக் கட்டமும் சான்றுக்குள் வரவேண்டும். ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறதே என்று சான்றில்லாத சாயப்பட்டறைக்கு ஒரு லாட்டை ஜாப் ஒர்க் கொடுத்தால், அந்த லாட்டுக்கு முத்திரை போடக்கூடாது.

அடுத்தது டி.சி. எனப்படும் டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட் விஷயம். ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்கோப் சர்டிபிகேட் கம்பெனியின் தகுதியைத்தான் காட்டும். அனுப்பும் சரக்குக்குச் சாட்சி டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட்தான். நூல் வாங்கும்போதே மில்லிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் உங்கள் துணிக்கு டி.சி. கிடைக்காது.

வாங்கிய காகிதத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2020 அக்டோபரில் இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலி டி.சி.யால் ஆர்கானிக் ஆக்கப்பட்டதைக் காட்ஸ் அமைப்பு வெளியிட்டு, 11 கம்பெனிகளுக்குத் தடை போட்டது. அந்தச் சான்றுகளில் இருந்த க்யூஆர் கோடு, அரசு இணையதளத்தைப் போலவே செய்த போலித் தளத்துக்குப் போனது. ஸ்கேன் செய்வதோடு நிற்காமல், முகவரியை நீங்களே டைப் செய்து பாருங்கள். நேர்மையாக ஆர்கானிக் பருத்தி விளைவித்த விவசாயியின் பெயரும் சேர்ந்தல்லவா அன்று கெட்டது!

ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்ற முத்திரை வேறு. துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். பருத்தி எப்படி விளைந்தது என்பது அதன் வேலை இல்லை.

'ஈகோ பிரண்ட்லி' என்று பொதுவாக அச்சடிக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 விதிகள், ஆதாரமற்ற இத்தகைய வாசகங்களையும் சான்றுத் திட்டம் இல்லாத சொந்த முத்திரைகளையும் 2026 செப்டம்பர் 27 முதல் தடுக்கின்றன.

இத்தகைய முத்திரை விதிகள் வர்த்தகத் தடை, உலக வர்த்தக அமைப்பு நீக்கிவிடும் என்று காத்திருப்பதும் வீண். டால்பினுக்குத் தீங்கில்லாமல் பிடித்தது என்று காட்டும் அமெரிக்காவின் 'டால்பின் சேஃப்' சூரை மீன் முத்திரையை எதிர்த்து மெக்சிகோ 2008-ல் அங்கே வழக்குப் போட்டது. இடையில் ஜெயித்தும், 2018 டிசம்பரில் முடிவு அமெரிக்கா பக்கமே போனது.

எனக்கு ஆதங்கம் ஒன்று உண்டு. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்புக்குத் திருப்பூர் பெருஞ்செலவு செய்தது. அதைச் சரக்கு வாங்கும் பையரிடம் சொல்லாமல் விடுவதும் தவறுதான். எவ்வளவு தண்ணீர் மறுபடி பயன்படுகிறது, எவ்வளவு உப்பு மீட்கப்படுகிறது என்ற பதிவேட்டை விலை பேசும்போதே மேஜையில் வையுங்கள்.