எதை 30-ஆல் பெருக்குவது?

"எவ்வளவு சேர்த்தால் வேலையை விடலாம்?" என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது அவர்களுடைய வருடச் செலவு எவ்வளவு என்று. சம்பளம் எல்லோருக்கும் தெரியும், செலவைக் கேட்டால்தான் பதில் வராது. 31 வயதில் எனக்கும் வரவில்லை.

அதனால் முதல் வேலை, ஒரு நோட்டு போட்டு செலவை எழுதுவது. முழுசாக 12 மாதம். நான் மூன்று மாதம் எழுதிவிட்டு நான்கால் பெருக்கினேன். வருடத்துக்கு ஒருமுறை கட்டும் பிரீமியம், பல் சிகிச்சை, உயிரைவிட்ட லேப்டாப் எதுவுமே அந்த மூன்று மாதத்தில் இல்லை. வருடம் முடிந்து கூட்டியபோது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

அந்தத் தொகையை 25-ஆல் பெருக்கச் சொல்வார்கள். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் போட்ட கணக்கிலிருந்து வந்தது அது: முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம், அதாவது 25-இல் ஒரு பங்கு எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 வருடம் தாங்கும். 45 வயதில் வேலையை விடுகிறவருக்கு 30 வருடம் போதுமா? நான் 30 மடங்கு வைத்துக்கொண்டேன்.

வருமானத்தில் பாதியைச் சேமித்து, விலைவாசி உயர்வு போக 5 சதவீதம் வளர்ந்தால் இந்த இலக்குக்கு ஏறக்குறைய 19 வருடம். கால்வாசிதான் சேமிக்க முடியும் என்றால் 35. செலவைக் குறைத்தால் சேமிப்பும் கூடுகிறது, இலக்கும் கிட்டே வருகிறது. சம்பள உயர்வு முழுவதையும் செலவழித்தால் இலக்குதான் தள்ளிப் போகும். முதல் பாதி சேர்வதற்குள் பொறுமை போய்விடும், சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினொன்றரை வருடம் ஆனது. மீதிப் பாதிக்கு ஏழு வருடம் போதும், கூட்டு வட்டி அப்போதுதான் வேலை செய்வது கண்ணில் தெரியும்.

எதில் போடுவது என்பதில் நான் அதிகம் மூளையைக் கசக்கவில்லை. பெரும்பகுதி இண்டெக்ஸ் ஃபண்ட் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிதி), மிச்சம் கடன் பத்திரம். ஃபண்ட் வருடாவருடம் பிடிக்கும் கட்டணத்தை மட்டும் விடாமல் பார்ப்பேன். 1 சதவீதம் கேட்கச் சின்னதுதான். 30 மடங்கு சேர்ந்தபின் அது வருடாவருடம் மூன்றரை மாதக் குடும்பச் செலவு!

எனக்கு உண்மையில் பயம், வேலையை விட்ட முதல் சில வருடங்களை நினைத்துத்தான். முதல் வருடமே சந்தை 30 சதவீதம் விழுந்தால், எல்லாம் பங்கில் இருந்தால் 30 மடங்கு 21 ஆகிவிடும். அந்த நேரத்தில் பங்குகளை விற்றுச் சாப்பிட்டால் பிறகு சந்தை ஏறினாலும் ஏறுவதற்கு நம்மிடம் பங்கு இருக்காது. இரண்டு வருடச் செலவை வங்கி ஃபிக்ஸட் டெபாசிட்டில் தனியாக வைத்துவிடுங்கள். சந்தை விழுந்த வருடத்தில் அதிலிருந்து எடுப்பது, ஏறிய வருடத்தில் திரும்ப நிரப்புவது.

அலுவலகம் தரும் மருத்துவக் காப்பீட்டை நம்பியிருந்தால், ராஜினாமாக் கடிதத்துக்கு முன்பே சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள். அந்தப் பிரீமியத்தையும் சேர்த்துத்தான் 30-ஆல் பெருக்க வேண்டும்.